கியரை மாற்றும் முன் கோணலைப் பாருங்கள்

போன ஏப்ரலில் ஒரு திங்கட்கிழமை காலை. ஸ்டுட்கார்ட்டில், டேகர்லோக் மேட்டில் சைக்கிளை மிதித்து ஏறிக்கொண்டிருந்தேன். சீட்டிலிருந்து எழுந்து அழுத்தி மிதித்த நொடியில் "டக்" என்று செயின் பல் தாண்டியது. கால் வெறும் காற்றில் இறங்கியது. முழங்கால் ஹேண்டில்பாரில் இடித்து, இடதுபக்கம் சாலையில் விழுந்தேன். பின்னால் வந்த கார்க்காரர் நேரத்துக்கு பிரேக் போட்டதால்தான் இன்று உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்டுட்கார்ட் ஒரு கிண்ணத்தின் அடியில் இருக்கிற மாதிரியான நகரம். நடுவில் பள்ளம், சுற்றிலும் மேடு. மரியன்பிளாட்ஸிலிருந்து டேகர்லோக்குக்கு ஒரு பற்சக்கர ரயில் போகிறது. அதன் முன்னால் சைக்கிள் ஏற்றிச் செல்ல தனியாக ஒரு வண்டியே இணைத்திருப்பார்கள். அப்படிப்பட்ட மேடு அது. விழுந்த பிறகு பல வாரம் நானும் அந்த ரயிலில்தான் சைக்கிளை ஏற்றிப் போனேன்.

என் சைக்கிள் 20 வருடம் பழைய மவுண்டன் பைக். 26 அங்குல வீல், முன்னால் 3 பல்சக்கரம், பின்னால் 8. செகண்ட் ஹேண்டில் 80 யூரோவுக்கு வாங்கியது. ஒரு கடையில் காட்டினேன். கடைக்காரர் அரை நிமிடம் பார்த்துவிட்டு, "இதுக்குச் செலவு பண்றது வேஸ்ட், புதுசு வாங்குங்க" என்றார்.

எனக்குள் இருக்கும் ஐடிக்காரனுக்கு இது போதாதா? அன்று இரவே எக்செல் ஷீட் திறந்துவிட்டேன்.

24 கியரா, 12 கியரா?

இப்போதைய மவுண்டன் பைக்குகளில் முன்னால் ஒரே பல்சக்கரம், பின்னால் 12. அதைத்தான் என் பழைய வண்டியில் மாட்ட ஆசைப்பட்டேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் கதை வேறு.

என் வண்டியில் முன்னால் 22, 32, 42 பற்கள். பின்னால் 11 முதல் 32 வரை. மிக எளிதான கியர் 22-ஐ 32-ஆல் வகுத்தால் 0.69. மிகக் கடினமானது 42-ஐ 11-ஆல் வகுத்தால் 3.82. இரண்டுக்கும் நடுவே ஐந்தரை மடங்கு வித்தியாசம். பின்னால் 10 முதல் 51 பல் வரை உள்ள புது 12 கியரில் அந்த வித்தியாசம் 5.1 மடங்குதான். 24 கியர் என்று பெயர் இருந்தாலும் பல கியர்கள் ஒன்றின் மேல் ஒன்று விழும் என்பதும் உண்மை. 42க்கு 21 போட்டாலும் 22க்கு 11 போட்டாலும் விகிதம் அதே 2தான். ஆனால் மேடு ஏற எனக்குத் தேவையான கியர் ஏற்கெனவே வண்டியில் இருந்தது.

இன்னொரு சிக்கல், 10 பல் உள்ள சின்னச் சக்கரம் என் பழைய ஹப்பில் ஏறாது. பின்வீலையே மாற்ற வேண்டும். டெரெய்லர், லீவர், செயின் எல்லாம் சேர்த்து 400 யூரோவைத் தாண்டியது. செலவைக் குறைக்க முன்னால் 32 மட்டும் வைத்து, பின்னால் 9 கியரில் 34 பல் வரை போடலாம் என்று பார்த்தேன். மிக எளிதான கியரே 0.94 ஆகிவிடும். அதாவது காசு கொடுத்து மேட்டில் இன்னும் அதிகமாக மூச்சு வாங்க வேண்டியது!

சரி, இருப்பதையே சரி செய்வோம் என்று முடிவெடுத்தேன்.

மருந்து மாற்றி மருந்து

முதலில் செயினை மாற்றினேன். பல் தாண்டுவது குறையவில்லை, அதிகமானது. காரணம் பிறகுதான் புரிந்தது. பழைய செயின் தேய்ந்து நீளும்போது பின்பற்களும் அதற்கேற்பத் தேய்ந்துவிடும். தேய்ந்த பல்லில் புதுச் செயின் உட்காராது. எனவே பின்பற்களின் தொகுப்பான கேசட்டையும் மாற்றினேன். சின்னப் பற்களில் நின்றது. பெரிய பற்களில் செயின் இன்னும் கரகரவென்று தடுமாறியது.

அடுத்து கேபிள். உள்ளே துரு. உள்கம்பியும் வெளி உறையும் மாற்றினேன். லீவர் லேசானது. ஆனால் பெரிய பற்களுக்குச் சரியாக டியூன் பண்ணினால் சின்னவை கெட்டன. சின்னவற்றைச் சரி செய்தால் பெரியவை கெட்டன. ஒரு பக் சரி செய்தால் இன்னொன்று முளைக்கிற அதே கதை. ஆபீஸில் ஜூனியர் பையன் லாக்கைப் பார்க்காமல் சர்வரை மாற்றச் சொன்னால் திட்டுகிற நான், இங்கே அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

"இதுக்காடா படிக்க வச்சேன்?"

என் அப்பா பட்டுக்கோட்டைப் பக்கம் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தவர். பஞ்சர், ஓவராயில், பெண்டு எடுப்பது எல்லாம் அவரே. நான் கடைக்குள் வந்து ஸ்பேனரைத் தொட்டால் கத்துவார். "கையில கிரீஸ் பட்டா புத்தகத்துலயும் படும், போடா." அந்தக் கடை வருமானத்தில்தான் நான் இன்ஜினியரிங் முடித்தேன். தொண்ணூறுகளில் மணிக்கணக்கில் வாடகைக்குப் போன சைக்கிள்களை டிவிஎஸ்50-யும் ஸ்ப்ளெண்டரும் துரத்திவிட, கடையும் மூடப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் என் கறுத்த கையைப் பார்த்துவிட்டார். முகம் சுருங்கிவிட்டது.

"இதுக்காடா படிக்க வச்சேன்? அங்க ஆள் இல்லையா?"

"இங்க ஆள் கூலி ரொம்பப்பா. அதோட நானே செய்யணும்னு ஆசை."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "வண்டியைக் காட்டு" என்றார். கியர் வண்டி அவர் கடைக்கு வந்ததே இல்லை. என் ஒன்பது வயது மகள் போனைப் பிடித்துக்கொண்டாள்.

"முன்னாடி நின்னு என்ன பாக்குற? பின்னால போய்க் குந்து. பல்லும் அந்த ரெண்டு சின்ன வீலும் ஒரே கோட்டுல இருக்கா?"

குந்திப் பார்த்தேன். இல்லை. சின்ன வீல்கள் உள்பக்கமாகச் சாய்ந்திருந்தன.

"அதைத் தொங்கவிட்டிருக்கிற கொக்கி வளைஞ்சிருக்குடா. வண்டி வலதுபக்கம் விழுந்துச்சா?"

விழுந்திருக்கிறது. குளிர்காலத்தில் எங்கள் அபார்ட்மென்ட் சைக்கிள் அறையில் யாரோ தள்ளிவிட்டு, சங்கிலிப் பக்கமாகக் கிடந்தது. நிமிர்த்தி வைத்துவிட்டு மறந்துபோனேன். அந்தக் கொக்கிக்குப் பெயர் ஹேங்கர். கீழே விழுந்தால் ஃபிரேமுக்கு அடி படாமல் இருக்க, அது வளைகிற மாதிரியே செய்திருப்பார்கள். அது வளைந்துவிட்டால் எந்த ஸ்க்ரூவைத் திருகினாலும் எல்லா கியரும் ஒருசேரச் சரியாகாது.

அடுத்த சனிக்கிழமை பக்கத்திலுள்ள ரிப்பேர் கஃபேக்குப் போனேன். 2009-ல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய யோசனை இது. தன்னார்வலர்கள் கருவிகளோடு இருப்பார்கள், நாம் பொருளோடு போய் அவர்களோடு சேர்ந்து பழுது பார்க்கலாம். அங்கிருந்த பெரியவர் டெரெய்லரைக் கழற்றி, அதே துளையில் நீளக் கை போன்ற ஒரு கருவியை முடுக்கினார். ரிம்மின் நாலு பக்கமும் இடைவெளி அளந்தோம். மேலுக்கும் கீழுக்கும் ஒரு செ.மீ.க்கு மேல் வித்தியாசம். புது ஹேங்கர் மாட்டி, அதையும் அளந்து நேராக்கினோம். அதன்பின் டியூன் பண்ண பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மொத்தச் செலவு 75 யூரோ.

உங்கள் வண்டிக்கும் இதே வரிசை

பழைய வண்டி கியரில் தகராறு செய்தால் இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் பின்னால் குந்தி ஹேங்கரைப் பாருங்கள். காசு செலவில்லாத சோதனை.

இரண்டாவது, செயினை ஸ்கேலால் அளங்கள். ஒரு ரிவெட்டின் நடுவிலிருந்து 24 ரிவெட் தள்ளி சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். 1/16 அங்குலம் கூடினால் செயின் மட்டும் மாற்றினால் போதும். 1/8 கூடிவிட்டால் கேசட்டும் சேர்த்துத்தான்.

மூன்றாவது, கேபிள். பெரிய பல்லுக்கு ஏறுகிறது, சின்னதுக்கு இறங்கத் தயங்குகிறது என்றால் பெரும்பாலும் கேபிள் உரசல்தான். இறக்குவது ஸ்பிரிங். துருவை எதிர்த்து இழுக்க அதற்கு பலம் போதாது.

கடைசியில்தான் ஸ்க்ரூக்கள். H, L என்று எழுதிய இரண்டும் செயின் இரு ஓரங்களிலும் வெளியே விழாமல் தடுப்பவை. நடுவில் வரும் கோளாறுக்கு அவற்றைத் தொடாதீர்கள். கேபிள் முனையில் உள்ள திருகை கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பினால் போதும். அப்கிரேடு பற்றி யோசிப்பது இதெல்லாம் முடிந்த பிறகு.

நம்மில் பலருக்குக் கைவேலை தெரியாது. தெரியக்கூடாது என்று நம்மைப் பெற்றவர்கள் பாடுபட்டார்கள், அவர்கள் பட்ட கஷ்டம் அப்படி. அதில் குறை சொல்ல எனக்கு மனசில்லை. ஆனால் அந்தப் பயத்தை நம் பிள்ளைகளுக்கும் கொண்டுபோக வேண்டியதில்லை. இங்கே வளரும் பிள்ளைகளுக்கு கையில் கிரீஸ் படுவது வறுமையின் அடையாளம் இல்லை.

இப்போது டேகர்லோக் மேட்டில் சீட்டிலிருந்து எழுந்து மிதிக்கிறேன். முதல் இரண்டு வாரம் பயம் இருந்தது, இப்போது இல்லை. அப்பா போன மாதம் பேத்தியிடம் தானாகவே கேட்டார், "உன் வண்டில பெண்டு எடுக்கணுமா பாரு, பின்வீலைச் சுத்திக் காட்டு." அவள் சுற்றிக் காட்டினாள். இருக்கிறதாம். இந்தச் சனிக்கிழமை ரிப்பேர் கஃபேக்கு மூவரும் போகிறோம். தாத்தா போனில்.