மிதியின் முதல் அங்குலம்

மாஸ்டா நிறுவனத்தார் 1989-இல் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் அறிமுகப்படுத்திய மியாட்டா என்னும் கார், இருவர் மட்டுமே அமரக்கூடியதும், கூரையை மடித்துவிட்டுக் காற்றோட்டமாகப் போகக்கூடியதும், 1.6 லிட்டர் இன்ஜின் தரும் 116 குதிரைசக்தியோடு திருப்தியடைந்துவிடுவதுமான ஒரு சாது வாகனம். வளைவுகளில் அது திரும்பும் லாவகத்தில் மனத்தைப் பறிகொடுத்த அமெரிக்க ரசிகர்கள் பலர், ஏற்றத்தில் அது மூச்சு வாங்குவதைச் சகிக்கமாட்டாமல், வெளிச்சந்தையில் கிடைத்த சூப்பர்சார்ஜரை வாங்கிப் பூட்டத் தலைப்பட்டதில் வியப்பில்லை. பூட்டியவுடன் சக்தி வந்தது. கூடவே சில துர்க்குணங்களும் வந்து சேர்ந்தன. சிக்னலில் நிற்கையில் ஐட்லிங் நிலைகொள்ளாமல் ஏறி இறங்கும். நெரிசலில் இரண்டாவது கியரில் ஊர்ந்தால் வண்டி உதறும். வெயிலில் மேடேறும்போது, தகரக் குவளையில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கினாற்போல் இன்ஜினுக்குள் ஒரு சப்தம் கேட்கும். ஆக்சிலரேட்டர் மிதியை அடிவரை அழுத்தி ஓட்டுகையில் உதறல் மறைந்துவிடுகிறது என்பது மெய்யே; ஆனால் ஊருக்குள் அப்படி ஓட்ட யாரால் முடியும்? தெருவில் நாம் ஓட்டுவதெல்லாம் மிதியின் முதல் அங்குலத்தில்தான்.

சூப்பர்சார்ஜர் ஒன்றும் மாய யந்திரமல்ல. இந்தியானா மாநிலத்துக் கானர்ஸ்வில் என்ற ஊரில் ரூட்ஸ் சகோதரர்கள் 1860-இல் காப்புரிமை பெற்ற காற்றூதியின் சந்ததிதான் இத்தகைய கார்களில் பெரும்பாலும் பூட்டப்படுகிறது. ஒன்றையொன்று உரசாமல் பின்னிச் சுழலும் இரண்டு உருளைகள், சுற்றுக்கு இவ்வளவு என்று அளந்து காற்றை முன்னே தள்ள, அவற்றை இன்ஜினின் பெல்ட் சுழற்றுகிறது. கடல்மட்டத்தில் காற்றின் இயல்பான அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 14.7 பவுண்டு; அதன்மேல் 6 பவுண்டு ஏற்றினால் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு அதிகமான காற்றை அடைக்கலாம் என்பது கணக்கு. அமுங்கிய காற்று சூடேறி விரிவதால், கணக்கில் வருவது முழுவதும் கைக்கு வருவதில்லை.

பெல்ட் சுழலும்வரை ஊதியும் ஓயாமல் சுழல்வதே தொல்லையின் மூலம். இதை அந்தக் காலத்து ஜெர்மானியர்களே உணர்ந்திருந்தார்கள். 1921-இல் மெர்சிடிஸ் காட்சிக்கு வைத்த கார்களில், மிதியை அடிவரை அழுத்தினால் மட்டுமே ஒரு கிளட்ச் பற்றிக்கொண்டு ஊதியைச் சுழலவைக்கும். இன்று அந்த வேலையை பைபாஸ் வால்வு செய்கிறது. மிதி லேசாக அழுந்தியிருக்கும்போது இன்ஜினுக்குள் உண்டாகும் வெற்றிடம், மெல்லிய ரப்பர்க் குழாய் வழியே வால்வை இழுத்துத் திறக்க, ஊதி தள்ளிய காற்று மறுபடியும் அதன் வாய்க்கே திரும்பிவிடுகிறது. மிதி ஆழ்ந்ததும் வெற்றிடம் மறைந்து, ஒரு சுருள்வில் வால்வை மூடிவிடுகிறது. குழாயில் ஒரு விரிசல் கண்டால் போதும், வால்வு திறக்காது. காற்று வீணே சூடாகும், பெட்ரோலும் வீணாகும். வால்வு படீரென்று மூடினாலோ, ஓட்டுகிறவரின் தலை பின்னுக்குச் சாயும்.

பெட்ரோல் விஷயம் இதைவிட நுட்பமானது. சாதாரண ஓட்டத்தில் எடைக்கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும் (முன்னே சொன்ன அதே எண் இங்கும் வருவது தற்செயல்). ஊதி அமுக்கும்போதோ 12 பங்குக்கு மேல் காற்று போகாதபடி பெட்ரோலைத் தாராளமாகக் கொடுக்கவேண்டும். அதற்காகப் பெரிய இன்ஜெக்டர்களைப் பூட்டுகிறார்கள். ஐட்லிங்கில் இன்ஜெக்டர் திறந்திருப்பது ஒரு விநாடியின் ஆயிரத்தில் இரண்டு மூன்று கூறு நேரமே; அதில் ஏறக்குறைய ஒரு கூறு, அது வாய் திறப்பதற்கே செலவாகிவிடும். பேட்டரியின் வோல்டேஜ் குறைந்தால் அந்தத் தாமதம் இன்னும் நீளும். இரவில் சுவிட்சைத் தட்டியதும் மியாட்டாவின் விளக்குகள் பானெட்டிலிருந்து தவளைக் கண்போல் மேலெழும். அக்கணமே வோல்டேஜ் தாழ, பெட்ரோல் குறைந்து, வண்டி சிக்னலில் செத்துப் போகும். சொந்தக்காரர் ஊதியைச் சபிக்கிறார். பிழையோ, அந்தத் தாமதத்தை ஈடுகட்ட இன்ஜின் கம்ப்யூட்டரில் எழுதிய ஓர் அட்டவணையில் இருக்கிறது.

டைமிங்கும் அப்படியே. மியாட்டாவின் சிலிண்டர் ஹெட்டின் பின்புறத்திலுள்ள ஒரு போல்ட்டைத் தளர்த்தி, சென்சாரைச் சற்றே திருப்பினால் பொறி விழும் நேரம் முழுவதையும் தாமதப்படுத்தலாம். நாக்கிங் எனப்படும் அந்தக் கூழாங்கல் சப்தம் அடங்கும், ஆனால் ஊருக்குள் வண்டி சோம்பிவிடும். ஊதி ஏற்றும் ஒவ்வொரு பவுண்டுக்கும் ஏறத்தாழ ஒரு டிகிரி வீதம், ஏறும்போது மட்டுமே தாமதப்படுத்துவதுதான் நியாயமான முறை. அதற்கு அட்டவணையைத் திருத்தி எழுதக்கூடிய கம்ப்யூட்டரும், புகைக்குழாயில் கலவையைத் துல்லியமாக அளக்கும் ஆக்ஸிஜன் சென்சாரும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பல மாலைப்பொழுதுகளும் தேவை. சக்தியைப் பணம் கொடுத்து வாங்கிவிடலாம். சாதுத்தனத்தை வாங்கமுடியாது என்பது என் அபிப்பிராயம்.

இத்தனைக்குப் பிறகும் ஊதியை இன்னும் வேகமாகச் சுழற்றச் சின்னப் புல்லி வாங்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். முதலில் அந்த பைபாஸ் வால்வின் ரப்பர்க் குழாயைக் கழற்றித் துடைத்து, ஒரு முனையை விரலால் அடைத்து, மறுமுனையை உறிஞ்சிப் பாருங்கள். நாக்கில் ஒட்டிக்கொண்டு நிற்காவிட்டால், முதலில் குழாயை மாற்றுங்கள்.