கோவளம் கோட்டை

இக்கட்டுரை செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ள கோவளம் பற்றியது. கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் இதே பெயரில் வேறு ஊர்கள் உள்ளன.

கோவளம் கோட்டை என்பது, சென்னையின் தென்புறநகர்ப் பகுதியை அடுத்து, வங்காள விரிகுடாக் கரையில் அமைந்த கோவளம் என்னும் ஊரில் 18 ஆம் நூற்றாண்டில் இருந்த ஒரு கோட்டை ஆகும். அக்காலத்தில் இது சாதத் பந்தர் எனவும் அழைக்கப்பட்டது. ஆற்காட்டு நவாபாக இருந்த அன்வருத்தீன் கான் இதனைக் கட்டுவித்தார். 1750 இல் பிரெஞ்சுக்காரரும், 1752 இல் ஆங்கிலேயரும் இதனைக் கைப்பற்றினர். அதன் பின்னர் ஆங்கிலேயர் இதனை வெடிவைத்துத் தகர்த்தனர். கோட்டை இருந்ததாகக் கூறப்படும் கடற்கரை நிலத்தில், 1974 ஆம் ஆண்டு முதல் தாஜ் குழுமத்தின் 'ஃபிஷர்மேன்ஸ் கோவ்' என்னும் உல்லாச விடுதி இயங்கி வருகிறது. பழைய டச்சுக் கோட்டை ஒன்றின் எச்சங்களின் மீது இவ்விடுதி எழுந்தது எனப் பயண நூல்களிலும் விளம்பரங்களிலும் பரவலாகக் காணப்படுகிறது. ஆனால், 18 ஆம் நூற்றாண்டின் போர்க்காலப் பதிவுகள் தரும் வரலாறு இதனின்றும் வேறானது.

பெயரும் அமைவிடமும்

கோவளம் என்னும் சொல் கடலுக்குள் நீண்டிருக்கும் நிலமுனையைக் குறிக்கும். முட்டுக்காட்டுக் கழிமுகத்துக்குத் தெற்கே கடற்கரை சற்றே வளைந்து செல்லும் இடத்தில் ஊர் அமைந்துள்ளது. இவ்வளைவே சிறு கப்பல்களுக்கும் கட்டுமரங்களுக்கும் ஓரளவு பாதுகாப்பான ஒதுங்கிடத்தைத் தந்தது. ஆங்கிலேயர் இவ்வூரைக் 'கோவ்லாங்' என்றும், வேறு ஐரோப்பியர் 'கபெலோன்' என்றும் எழுதினர். சாதத் பந்தர் என்பதில் உள்ள 'பந்தர்' துறைமுகம் எனப் பொருள்படும் பாரசீகச் சொல்லாகும். முன்பகுதி, 1732 வரை ஆற்காட்டை ஆண்ட நவாப் சாததுல்லா கானின் பெயரை ஒட்டியது என்பர்.

ஒஸ்டெண்ட் கம்பனி

கோவளத்தில் முதலில் நிலைகொண்ட ஐரோப்பியர் ஆங்கிலேயரோ பிரெஞ்சுக்காரரோ அல்லர். இன்றைய பெல்ஜியத்தில் உள்ள ஒஸ்டெண்ட் துறைமுகத்தைச் சேர்ந்த வணிகரே இங்கு முதலில் வந்தனர். அக்காலத்தில் அப்பகுதி ஆஸ்திரியப் பேரரசருக்கு உட்பட்டிருந்தது. தனி வணிகராக வந்து போன இவர்களுக்கு, பேரரசர் ஆறாம் சார்லஸ் 1722 இல் பட்டயம் வழங்கினார். அதன்படி ஒஸ்டெண்ட் கிழக்கிந்தியக் கம்பனி உருவானது. சோழமண்டலக் கரையில் கோவளமும், வங்காளத்தில் பாங்கிபசாரும் இதன் முக்கிய நிலையங்களாக விளங்கின. இப்பகுதியின் துணி வணிகமே இவர்களை இக்கரைக்கு ஈர்த்தது.

கம்பனிக்குக் கிடைத்த இலாபம் ஆங்கிலேயருக்கும் ஒல்லாந்தருக்கும் உறுத்தலாக இருந்தது. அவர்களது நெருக்குதலால் 1727 இல் பட்டயம் ஏழு ஆண்டுகளுக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. 1731 ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை கம்பனிக்கு முற்றாக முடிவு கட்டியது. நீண்டகாலம் நீடிக்காத இந்த வணிக நிலையம், பிற்காலத்தில் எழுந்த ஒரு குழப்பத்துக்குக் காரணமாக இருந்திருக்கக்கூடும். அது பற்றிக் கீழே காண்க.

நவாபின் கோட்டை

அன்வருத்தீன் கான் 1744 இல் நவாபானார். 1749 இல் ஆம்பூர்ப் போரில் கொல்லப்பட்டார். எனவே கோட்டை இந்த ஐந்தாண்டுகளுக்குள் எழுந்திருக்க வேண்டும். இக்காலப் போர்களின் வரலாற்றை எழுதிய ராபர்ட் ஓர்ம், கோட்டையைப் பற்றிச் சில விவரங்களைத் தந்துள்ளார். இதற்கு அகழி கிடையாது. வலுவான மதிலும், அதில் வட்டமான கொத்தளங்களும், அவற்றின் மேல் 30 பீரங்கிகளும் இருந்தன. ஒஸ்டெண்ட் கம்பனியின் பழைய கோட்டை இடிபாடுகள் துப்பாக்கிக் குண்டு எட்டும் தொலைவில் கிடந்தன என்றும் அவர் குறிப்பிடுகிறார். ஆகவே கோவளத்தில் இருந்தவை இரண்டு கோட்டைகள். இந்த ஒரு குறிப்பு பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை.

நோயாளிகளாக வந்த படை

1750 இன் தொடக்கத்தில் ஒரு பிரெஞ்சுக் கப்பல் கோவளத்துக்கு அப்பால் நங்கூரமிட்டு, ஆபத்துக்கான அடையாளங்களைக் காட்டியது. மாலுமிகளில் பெரும்பாலோர் சொறிகரப்பான் நோயால் இறந்துவிட்டனர் என்றும், எஞ்சியோரைக் கரையில் இறக்காவிட்டால் அவர்களும் பிழைக்கமாட்டார்கள் என்றும் கோட்டைத் தலைவனுக்குச் செய்தி அனுப்பப்பட்டது. நல்ல வெகுமதி கிடைக்கும் என எதிர்பார்த்த அவன் அவர்களைக் கோட்டைக்குள் ஏற்றுக்கொண்டான். கப்பலில் இருந்தவர்களுள் மிக மெலிந்து காணப்பட்ட 30 பேரைத் தேர்ந்தெடுத்து அனுப்பியிருந்தனர். அவர்கள் ஆடைக்குள் ஆயுதங்களை மறைத்து வைத்திருந்தனர். அன்றிரவே எழுந்து காவற்படையை அடக்கிக் கோட்டையைப் பிடித்துக்கொண்டனர். ஒரு குண்டுகூடச் சுடாமல் கோட்டை கைமாறியதற்கு மதிலின் வலுக்குறைவு காரணம் அல்ல.

1752 முற்றுகை

ஆற்காட்டு முற்றுகையால் பெயர் பெற்றிருந்த ராபர்ட் கிளைவ், 1752 இல் கோவளத்தையும் செங்கல்பட்டையும் பிடிக்க அனுப்பப்பட்டார். இவ்விரு கோட்டைகளும் பிரெஞ்சுத் தரப்பிடம் இருக்கும்வரை, பாலாற்றுக்கு வடக்கே நவாப் முகம்மது அலியின் வரிவசூல் நடைபெறவில்லை. கிளைவிடம் கொடுக்கப்பட்டவர்கள் இங்கிலாந்திலிருந்து அப்போதுதான் வந்து இறங்கிய 200 ஐரோப்பியரும், புதிதாகச் சேர்க்கப்பட்ட 500 சிப்பாய்களும் ஆவர். இவர்கள் போர்க்களத்தைக் கண்டறியாதவர்கள். கோட்டைக்கு அருகே ஒரு தோட்டத்தில் பதுங்கியிருந்த முற்படை, தலைமை தாங்கிய அதிகாரி கொல்லப்பட்டவுடன் ஓட்டம் பிடித்தது. கிளைவ் எதிர்ப்பட்டு அவர்களைத் திருப்பி அழைத்து வரவேண்டியதாயிற்று. பிறிதொரு சமயம் பீரங்கிக் குண்டு ஒன்று பாறையில் பட்டுச் சிதறிப் பலரைக் காயப்படுத்தியது. அன்று முன்காவலில் நின்ற வீரன் ஒருவன் மறுநாள் ஒரு கிணற்றின் அடியில் கண்டுபிடிக்கப்பட்டான்.

எனினும் சில நாட்களில் கோட்டை பணிந்தது. கோட்டைத் தலைவன் கேட்ட ஒரே சலுகை, தன் சொந்த உடைமைகளை எடுத்துச் செல்ல வேண்டும் என்பதே. அவ்வுடைமைகள் பெருந்தொகையான வான்கோழிகளும் மூக்குப்பொடியுமாக இருந்தன. இரண்டையும் விற்பதே அவன் தொழில் என ஓர்ம் எழுதுகிறார். உள்ளே கிடைத்த பெரிய பீரங்கிகளுள் சில, 1746 இல் சென்னையைப் பிடித்தபோது பிரெஞ்சுக்காரர் எடுத்துச் சென்ற ஆங்கிலேயப் பீரங்கிகள் ஆகும். கோவளம் வீழ்ந்ததை அறியாமல் செங்கல்பட்டிலிருந்து உதவிக்கு வந்த படை வழியிலேயே மறித்துத் தோற்கடிக்கப்பட்டது. தொடர்ந்து செங்கல்பட்டும் பணிந்தது. செங்கல்பட்டுக் கோட்டையை ஆங்கிலேயர் தமக்காக வைத்துக்கொண்டனர். கோவளம் கோட்டை மீண்டும் எதிரி கைக்குப் போகாதபடி தகர்க்கப்பட்டது.

டச்சுக் கோட்டை என்னும் கருத்து

மேற்கண்ட வரலாற்றில் ஒல்லாந்தர் எங்கும் வரவில்லை. இக்கரையில் அவர்களது நிலையங்கள் வடக்கே பழவேற்காட்டிலும், தெற்கே சதுரங்கப்பட்டினத்திலும் இருந்தன. கல்பாக்கத்தை அடுத்துள்ள சதுரங்கப்பட்டினக் கோட்டை உண்மையான டச்சுக் கோட்டை. அது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அங்குள்ள செதுக்கு வேலை நிறைந்த டச்சுக் கல்லறைகளை இன்றும் காணலாம்.

அவ்வாறாயின் கோவளத்துக்கு இப்பெயர் எப்படி ஒட்டிக்கொண்டது? உறுதியான விடை இல்லை எனினும் இரண்டு காரணங்களை ஊகிக்கலாம். ஒஸ்டெண்ட் வணிகர் ஃபிளெமியர். டச்சு மொழியின் ஒரு வடிவத்தையே பேசினர். இருசாராரையும் ஒன்றாகக் கருதுவது எளிது. ஆனால் அக்காலத்தில் ஒல்லாந்தருக்கும் ஒஸ்டெண்டாருக்கும் இடையில் இருந்தது கடும் வணிகப் பகை. மற்றொன்று, ஒலி ஒப்புமை. சதுரங்கப்பட்டினம் ஐரோப்பியர் வாயில் 'சட்ராஸ்' ஆனது. கோவளமோ சாதத்பட்டினம் எனவும் பதியப்பட்டது. நிலப்படங்களையும் பழைய பட்டியல்களையும் விரைந்து படிப்போர் ஒன்றை மற்றதாகக் கொள்வதில் வியப்பில்லை.

இது வெறும் பெயர்ச் சிக்கல் அன்று. 'டச்சுக் கோட்டை' என்றவுடன் ஆற்காட்டு நவாப் கட்டிய துறைமுகம் என்பது மறைந்துபோகிறது. கடல் வணிகத்தை ஐரோப்பியரிடமே விட்டுவிடாமல், தமக்கென ஒரு துறையையும் கோட்டையையும் அமைக்க உள்நாட்டு ஆட்சியாளர் செய்த முயற்சியின் சான்று இது. ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தெற்கே உள்ள ஆலம்பரைக் கோட்டையும் இத்தகையதே. அதுவும் 1750 இல் பிரெஞ்சுக்காரரிடம் சென்று, 1760 இல் ஆங்கிலேயரால் சிதைக்கப்பட்டது. ஆலம்பரையில் மதில்கள் ஓரளவு எஞ்சியுள்ளன. கோவளத்தில் அதுவும் இல்லை.

கடற்கரை விடுதி

தாஜ் குழுமம் 1974 இல் சென்னையில் தாஜ் கோரமண்டல் விடுதியையும், அதே ஆண்டில் கோவளத்தில் ஃபிஷர்மேன்ஸ் கோவ் விடுதியையும் திறந்தது. கோவாவில் போர்த்துக்கேயரின் அகுவாடா கோட்டையை ஒட்டிய விடுதியும் இக்குழுமத்தால் அதே ஆண்டிலேயே தொடங்கப்பட்டது. நகரத்துக்கு வந்தவர் இரவு தங்கும் இடம் என்பதிலிருந்து, தங்குவதற்காகவே பயணம் செய்து செல்லும் இடம் என்னும் கருத்துக்கு இந்திய விடுதித் தொழில் மாறிவந்த காலம் அது. கடற்காட்சி மட்டும் அதற்குப் போதவில்லை. இடத்துக்கு ஒரு கதையும் தேவைப்பட்டது. 1612 இல் கட்டி முடிக்கப்பட்ட அகுவாடாவில் அக்கதையைச் சொல்லக் கோட்டையின் மதிலும் கொத்தளமும் கண்முன் நிற்கின்றன. கோவளத்தில் தங்குபவர் கோட்டைக்குள் தங்குவதில்லை; கோட்டை இருந்த நிலத்தின் மீது, கடலை நோக்கிய புதிய குடில்களிலும் அறைகளிலும் தங்குகிறார்.

அலைக்கு இவ்வளவு அருகே இன்று புதிதாக ஒரு விடுதியை எழுப்ப இயலாது. 1991 ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, கடலேற்றக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையான நிலத்தில் கட்டுமானங்களைக் கட்டுப்படுத்தியது. பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னமாக இருந்தால் தொல்லியல் சட்டமும் குறுக்கே நிற்கும். 2010 ஆம் ஆண்டுத் திருத்தப்படி சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக்கட்டுமானம் கூடாது. இவ்விரண்டு ஏற்பாடுகளுக்கும் முன்னர் எழுந்தது கோவளம் விடுதி.

மீட்டெடுத்த கட்டடங்களுடன் ஒப்பீடு

பழைய கட்டடத்தையே பழுதுபார்த்துத் தங்கிடமாக்குவது வேறு வகை. இந்திய அரசின் சுற்றுலா அமைச்சு 'பாரம்பரிய விடுதி' எனத் தகுதி வழங்குவது இவற்றுக்கே. கட்டடம் 1950 க்கு முற்பட்டதாக இருத்தல் வேண்டும். புதிதாகச் சேர்ப்பவையும் பழைய பாணியோடு பொருந்த வேண்டும். 1464 இல் தோன்றிய இராசத்தானின் நீம்ராணா கோட்டை இடிபாடாகக் கிடந்த நிலையில் 1986 இல் வாங்கப்பட்டு, 1991 இல் விடுதியாகத் திறக்கப்பட்டது இதற்குப் பெரிதும் எடுத்துக்காட்டப்படுகிறது.

தமிழ்நாட்டில் இவ்வகைக்குச் செட்டிநாட்டு வீடுகளே சிறந்த சான்று. கானாடுகாத்தான், கடியாபட்டி முதலிய ஊர்களில் சில வீடுகள் இவ்வாறு விடுதிகளாகியுள்ளன. பர்மாத் தேக்கில் தூணும், சுண்ணாம்புச் சாந்தில் பளபளக்கும் சுவரும், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் கொண்ட இவ்வீடுகளுக்குப் பங்காளிகள் பலர் உரிமையாளர். அவர்களில் பெரும்பாலோர் வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் வாழ்கின்றனர். ஓடு மாற்றும் செலவை யார் ஏற்பது என்பதிலேயே ஒற்றுமை குலையும்போது, வீட்டைப் பிரித்துக் கதவையும் நிலையையும் காரைக்குடிப் பழம்பொருட் கடைகளுக்கு விற்பது இலாபமாகத் தோன்றுகிறது. விடுதியாக்குவது இந்த அழிவைத் தடுக்கிறது. ஆனால் திருமணமும் முன்னோர்க்குப் படைப்பும் நடந்த வளவு, விருந்தினர் காப்பி அருந்தும் முற்றமாகிறது. இதனைக் குறை என்று மட்டும் கூறுவது பொருந்தாது. மழை ஒழுகாத கூரையின் கீழ் வீடு நிற்பதே முதற் பாதுகாப்பு.

மூன்றாவது வழி ஒன்றும் கோவளத்துக்கு மிக அருகிலேயே உள்ளது. 1996 இல் முட்டுக்காட்டில் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா, தென்னிந்தியாவின் பல பகுதிகளில் இடிக்கப்படவிருந்த பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மீண்டும் நிறுவியுள்ளது. இதன் அமைப்பைத் திட்டமிட்டவர் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர். வீடு தன் தெருவையும் ஊரையும் இழந்தாலும், மரவேலையையும் அறை அமைப்பையும் மாணவர்கள் நேரிற் கண்டறிய முடிகிறது.

செல்லும் வழி

தாம்பரத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. சென்னையிலிருந்து வருவோர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டுப் பாலத்தைக் கடந்து வரலாம். விடுதிக்குள் செல்ல அங்கு தங்குபவராகவோ உணவருந்துபவராகவோ இருத்தல் வேண்டும். கோவளம் கடற்கரை எல்லோருக்கும் பொதுவானது. 2021 இல் இது நீலக்கொடித் தகுதி பெற்றது. பல சமயத்தவரும் வந்து செல்லும் தமீம் அன்சாரி தர்காவும், பழைய கார்மேல் மாதா கோயிலும் மீனவர் குடியிருப்பும் இவ்வூரிலேயே உள்ளன. சதுரங்கப்பட்டினக் கோட்டையையும் காண விரும்புவோர் அதே சாலையில் மாமல்லபுரத்தைத் தாண்டித் தெற்கே செல்லவேண்டும்.