ஒளிவழிப் பேச்சு

பிரிந்து வாழ்வோர் ஒருவரோடொருவர் பேச விழைதல் மக்கள் இயல்பு. பொருள் தேடிக் கடல் கடந்து சென்றவரின் நலத்தை ஊரில் இருப்போர் அறிய விரும்புவதும், ஊரின் நிலையைச் சென்றவர் அறிய விரும்புவதும் பழந்தமிழர் காலந்தொட்டு வரும் வேட்கையாகும். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் இவ்வேட்கை இன்றும் மிகுதி. வானம் பார்த்த புன்செய் நிலம் மிகுந்த இப்பகுதியில் பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளைகின்றன. நிலத்தடியில் சுண்ணாம்புக்கல் செறிந்துள்ளமையால் அரியலூரைச் சூழச் சிமெண்டு ஆலைகள் எழுந்துள்ளன. ஆயினும், சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் சென்று உழைப்போர் இங்குப் பலர். அவர்தம் பெற்றோர்க்கு அங்கிருந்து வரும் ஒரு தொலைபேசி அழைப்பே பெருஞ்செல்வம். அவ்வழைப்பை இன்று பல இல்லங்களுக்குக் கொணர்வது சுவரோரத்தில் இருக்கும் ஒரு சிறு பெட்டி. அதனை மக்கள் ரௌட்டர் என்றும் மோடம் என்றும் வழங்குவர்; தமிழில் திசைவி என்பர். அது இயங்கும் முறையையும், அமைக்கும் முறையையும், பழுதுற்றபோது ஆராயும் முறையையும் மாணவர் அறிந்திருத்தல் நன்று.

அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1876-ஆம் ஆண்டில் தொலைபேசிக்கு உரிமம் பெற்றார். ஆறே ஆண்டுகளில், 1882-இல், சென்னையிலும் கல்கத்தாவிலும் பம்பாயிலும் தொலைபேசி நிலையங்கள் திறக்கப்பட்டன. ஆயினும் சிற்றூர்களுக்கு அது எட்டப் பன்னெடுங்காலம் ஆயிற்று. 1984-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற சி-டாட் என்னும் இந்திய ஆய்வு நிலையம், வெப்பத்தையும் தூசியையும் தாங்கவல்ல சிறு இணைப்பகங்களை உருவாக்கிய பின்னரே ஊர்ப்புறங்களில் தொலைபேசி பரவியது. பெரம்பலூர்க்கு 04328 என்றும் அரியலூர்க்கு 04329 என்றும் குறியெண்கள் வழங்கின. இன்று வழி மாறினும் அவ்வெண்கள் மாறவில்லை.

அப்பழைய தொலைபேசியில் ஓர் இணைச் செப்புக் கம்பி நிலையத்திலிருந்து வீடுவரை வந்தது. குரலின் அதிர்வு மின் அலையாகி அக்கம்பி வழியே சென்றது. தொலைபேசிக்கு வேண்டிய மின்னாற்றலும் அதே கம்பியில், நிலையத்திலுள்ள 48 வோல்ட் மின்கலங்களிலிருந்து வந்தது. ஆதலின் ஊர் முழுதும் விளக்கணைந்தாலும் தொலைபேசி மட்டும் உயிரோடிருந்தது. இவ்வுண்மையைப் பின்னர் நினைவுகூர வேண்டும்.

இன்று செப்புக் கம்பிக்கு மாற்றாக ஒளியிழை வந்துள்ளது. அது மயிரிழை போன்று மெல்லிய கண்ணாடி நூல். பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, இலண்டனில் தம் ஆசிரியர் ஆப்கின்சுடன் சேர்ந்து, கண்ணாடி இழைக் கற்றை வழியே உருவங்களை அனுப்ப இயலும் என்பதை 1954-இல் வெளியிட்டார். கண்ணாடியிலுள்ள மாசுகளை நீக்கினால் ஒளி நெடுந்தொலைவு செல்லும் என்று சார்லசு காவோ 1966-இல் நிறுவினார். அதற்காக அவர் 2009-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். இந்தியாவின் ஊராட்சிகளை ஒளியிழையால் இணைக்கும் திட்டத்துக்கு நடுவண் அரசு 2011-இல் இசைவளித்தது. அதுவே பின்னர்ப் பாரத்நெட் எனப் பெயர் பெற்றது. தமிழ்நாட்டின் ஊராட்சிகளை அவ்வாறு இணைக்கும் பணி டான்ஃபினெட் என்னும் மாநில அரசு நிறுவனத்தைச் சார்ந்தது.

ஒளியிழையில் குரல் செல்லும் முறை வியப்புக்குரியது. பேசுவோர் குரலைக் கருவி ஒரு நொடியில் 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாக எழுதிக் கொள்கிறது. பின்னர், 20 மில்லிநொடிக்குரிய எண்களை ஒன்றுசேர்த்து ஒரு பொதியாகக் கட்டி, அதன்மேல் செல்ல வேண்டிய முகவரியை எழுதுகிறது. இவ்வாறு ஒரு நொடிக்கு 50 பொதிகள் புறப்படுகின்றன. அஞ்சலகம் கடிதங்களைப் பிரித்தனுப்புதல் போலத் திசைவி அப்பொதிகளை முகவரி நோக்கி அனுப்புகிறது. மறுமுனையிலுள்ள கருவி அவற்றைப் பிரித்து, வரிசையாக அடுக்கி, மீண்டும் குரலாக்குகிறது.

அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராகக் கொண்ட முதலாம் இராசேந்திரனின் கடற்படை, 1025-ஆம் ஆண்டளவில் கடாரம் வரை சென்றது. அந்நாளில் அக்கரைச் செய்தி இக்கரை சேரப் பருவக்காற்றின் துணை வேண்டியிருந்தது. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 2002-ஆம் ஆண்டில் கடலடியில் இடப்பெற்ற ஒளியிழை வடம் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் நீளமுடையது. கண்ணாடியில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்லும். ஆகவே அவ்வடத்தைக் குரற்பொதி கடக்க 16 மில்லிநொடி போதும். இடையிலுள்ள கருவிகளில் தங்கும் நேரத்தையும் சேர்த்து, வாயிலிருந்து செவிக்குச் செல்லும் மொத்தக் காலம் 150 மில்லிநொடிக்கு மேற்படாதிருப்பின் உரையாடல் இயல்பாக நிகழும். மிகுமாயின், ஒருவர் பேசி முடிக்குமுன் மற்றவர் பேசத் தொடங்கி இருவரும் இடறுவர்.

ஒரு குரலுக்கு வேண்டும் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 90 கிலோபிட்டே. திரைப்படம் காண்பதற்கு இதனினும் பன்மடங்கு வேகம் வேண்டும். எனினும் திரைப்படத்தைக் கருவி முன்கூட்டியே சேமித்து வைத்துக்கொண்டு காட்டும். உரையாடலில் இனிப் பேசப்போகும் சொல்லைச் சேமித்தல் இயலாது. ஆதலின் பேச்சுக்கு வேண்டுவது மிகுந்த வேகமன்று. தடையற்ற சீரான ஓட்டமே ஆகும்.

இனி, கருவியை அமைக்கும் முறை. ஒளியிழையை ஏற்று ஒளியை மின்குறியாக மாற்றும் கருவியும் திசைவியும் இக்காலத்தில் பெரும்பாலும் ஒரே பெட்டியாக அமைகின்றன. அப்பெட்டியை வீட்டின் நடுப்பகுதியில், தரையினின்றும் உயரத்தில் வைத்தல் நன்று. இரும்புப் பீரோவின் பின்னும், தடித்த சுவரின் மூலையிலும், குளிர்பெட்டியின் அருகிலும் வைத்தல் ஆகாது. கம்பியில்லா அலையை உலோகம் தடுக்கும், கற்சுவர் குறைக்கும். இவ்வலை இருவகைப்படும். 2.4 கிகாஎர்ட்சு அலை சற்றுத் தொலைவும் சுவர் கடந்தும் செல்லும். 5 கிகாஎர்ட்சு அலை விரைவுடையது, ஆனால் அண்மையிலேயே நிற்கும். தொலைவிலுள்ள அறைக்கு முன்னதும், அருகிலுள்ள கணினிக்குப் பின்னதும் ஏற்றவை.

ஒளியிழை கண்ணாடியாதலின் அதனைக் கூர்மையாக மடித்தல் கூடாது. ஆணியில் இறுகக் கட்டுதலும் கூடாது. மடிந்த இடத்தில் ஒளி சிந்திப் போகும். அதன் முனையை ஒருபோதும் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தல் ஆகாது. அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. தெரியவில்லை என்பதனால் தீங்கில்லை என்று எண்ணுதல் தவறு.

தொலைபேசியைப் பெட்டியின் பின்புறம் தொலைபேசிக்கென அமைந்த துளையில் செருக வேண்டும். அதனைக் கணினிக்குரிய துளையோடு மயங்குதல் கூடாது. தொலைபேசித் துளை சிறியது. தொலைபேசி எண்ணுக்குரிய அமைப்புகளைச் சேவை தரும் நிறுவனத்தார் பெட்டியினுள் பதித்து வைப்பர். பெட்டி உயிர்பெற்றவுடன், 'இவ்வெண் இங்கு உள்ளது' என்று தலைமைக் கணினியிடம் பதிவு செய்துகொள்ளும். அப்பதிவு நிகழ்ந்த பின்னரே தொலைபேசியில் ஒலி கேட்கும். பெட்டியோடு வந்த கடவுச்சொற்களை உடனே மாற்றுதல் வேண்டும். வைஃபைக்கு ஒன்றும், பெட்டியின் அமைப்புகளைத் திறப்பதற்கு வேறொன்றும் எனக் கடவுச்சொற்கள் இரண்டு. இரண்டாவதை மாற்றாது விடுதல், வாயிற்கதவைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து போடுவதை ஒக்கும்.

அமைத்த கருவி பழுதுறுதலும் உண்டு. அப்போது கலங்கி எல்லாக் கம்பிகளையும் பிடுங்கி மாட்டுவோர் பலர். உழவரின் முறை இதற்கு நல்ல வழிகாட்டி. இராசேந்திரன் வெட்டுவித்த சோழகங்கம் போன்ற ஏரியொன்றிலிருந்து நீர் மதகு வழியே வாய்க்காலுக்கும், வாய்க்காலிலிருந்து வயலுக்கும் வருகிறது. கடைமடை வயலில் நீர் வற்றினால், அறிவுடைய உழவர் உடனே ஏரியைக் குறை கூறார். முதலில் அடுத்த வயலைப் பார்ப்பார். பின்னர் வாய்க்காலைப் பார்ப்பார். பின்னர் மதகைப் பார்ப்பார். எங்கு வரை நீர் உள்ளதோ அதற்கு அப்பாலே அடைப்பு உள்ளது எனத் துணிவார். திசைவியை ஆராய்தற்கும் இதுவே நெறி.

முதலில், பழுது ஒரு கருவிக்கு மட்டுமா, எல்லாவற்றிற்குமா என்று காண வேண்டும். ஒரு கைப்பேசியில் மட்டும் இணையம் வரவில்லையெனில் குறை அக்கைப்பேசியினதே. ஓர் அறையில் மட்டும் வரவில்லையெனில் அலை அவ்வறையை எட்டவில்லை என்பது பொருள். கம்பி வழி இணைத்த கணினியில் இணையம் வர, வைஃபையில் மட்டும் வாராதிருப்பின் குறை வைஃபையினுடையது.

எல்லாக் கருவிகளும் ஓய்ந்திருப்பின் பெட்டியின் விளக்குகளைப் பார்க்க வேண்டும். மின் விளக்கு எரியவில்லையெனில் மின் இணைப்பில் குறை. 'பான்' என்னும் விளக்கு பச்சையாக நிலைத்து எரிந்தால், பெட்டி நிலையத்தோடு ஒளித்தொடர்பு கொண்டுள்ளது என்று அறியலாம். அது விட்டுவிட்டு எரிந்தால் தொடர்பு இன்னும் நிலைபெறவில்லை. பெரும்பாலான பெட்டிகளில் 'லாஸ்' என்னும் விளக்கு செந்நிறம் காட்டுமாயின், ஒளியே வந்து சேரவில்லை என்பது பொருள். இழை மடிந்திருக்கலாம், சாலை தோண்டுகையில் அறுந்திருக்கலாம். இந்நிலையில் வீட்டிலிருப்போர் எத்தனை முறை பெட்டியை அணைத்து ஏற்றினும் பயனில்லை. நிறுவனத்துக்கு அறிவித்தலே வழி. இணையம் வந்தும் தொலைபேசி மட்டும் ஊமையாயிருப்பின், வேறொரு தொலைபேசியை மாட்டிப் பார்க்க வேண்டும். அதுவும் பேசவில்லையெனில் எண்ணின் பதிவில் குறை என்று தெளியலாம்.

பேச்சு விட்டுவிட்டுக் கேட்டால், வீட்டில் வேறு எவரேனும் பெரிய கோப்புகளை அனுப்புகின்றனரா என்று பார்க்க வேண்டும். கரும்பு வண்டிகள் நிறைந்த குறுகிய சாலையில் மருத்துவ ஊர்தி நிற்பது போலக் குரற்பொதிகள் வழியில் காத்துக் கிடக்கும். பல திசைவிகளில் குரலுக்கு முதலிடம் தரும் அமைப்பு உண்டு, அதனை இயக்கிவிடலாம். ஒருவர் குரல் மட்டும் கேட்டு மற்றவர் குரல் கேளாதிருப்பின், இரண்டு திசைவிகள் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்து, திரும்பி வரும் பொதியை வாயில் காவலர் போலத் தடுக்கின்றனவோ என ஐயுறலாம். அவற்றுள் ஒன்றை வெறும் இணைப்புக் கருவியாக மாற்றினால் குறை நீங்குதல் உண்டு.

இவற்றால் தீராதபோது பெட்டியை அணைத்து, அரை நிமிடம் பொறுத்து, மீண்டும் ஏற்றி, சில நிமிடம் காத்திருக்கலாம். ஆனால் பெட்டியின் பின்புறமுள்ள சிறு துளையில் ஊசியை நுழைத்து அழுத்துதல் கூடாது. அது நிறுவனத்தார் பதித்த அமைப்புகளை அழித்துவிடும். அரைநாள் பழுது பல நாள் பழுதாகிவிடும்.

இங்கு, முன்னர்க் கூறிய செய்தியை நினைவுகூர வேண்டும். பழைய தொலைபேசிக்கு மின்னாற்றல் நிலையத்திலிருந்து வந்தது. கண்ணாடி இழையோ ஒளியைக் கடத்துமேயன்றித் தொலைபேசிக்கு வேண்டிய மின்சாரத்தைக் கொணராது. ஆதலின் வீட்டில் மின்சாரம் நின்றவுடன் திசைவியும் நிற்கும், தொலைபேசியும் நிற்கும். நள்ளிரவில் மழையும் காற்றுமாக மின்சாரம் நின்றுள்ளது. வீட்டில் முதியவர் ஒருவர்க்கு நெஞ்சுவலி. அவ்வேளையில் 108 என்னும் எண்ணை அழைக்கத் தொலைபேசியை எடுத்தால் அது மௌனமாயிருக்கும். பழைய தொலைபேசியைப் பல்லாண்டு பழகிய முதியவர்கள் இம்மாற்றத்தை அறியார். அறியாமையே இங்கு ஆபத்து. திசைவிக்கென விற்கப்படும் சிறு மின்கலப் பெட்டி ஒன்றை இணைத்துவிட்டால் மின்தடையின்போதும் சில மணி நேரம் அது இயங்கும். மின்னேற்றிய கைப்பேசி ஒன்றையும் அருகில் வைத்திருத்தல் வேண்டும். மின்சாரம் நின்றபோது தொலைபேசி இயங்குகிறதா என்பதை இடர் வந்த நாளில் அன்று, இடரில்லாத நாளிலேயே ஆராய்ந்து பார்த்தல் அறிவுடைமை. இடி மின்னலின்போது பெட்டியின் மின்செருகியைப் பிடுங்கி வைத்தலும் நன்று. மின்னலின் தாக்கம் ஒளியிழையில் வாராவிடினும் மின்கம்பியில் வரும்.

முன்னாளில் தொலைபேசியைக் காத்தவர் நிலையத்தில் இருந்தனர். இந்நாளில் நிலையத்தின் ஒரு பகுதியே வீட்டுக்குள் வந்து அமர்ந்துள்ளது. அதனைக் காக்கும் பொறுப்பும் அதனோடு வீட்டாரிடம் வந்து சேர்ந்துள்ளது. விளக்குகளின் பொருளையும், பழுது அறிவிக்க வேண்டிய எண்ணையும், அவசர உதவிக்குரிய எண்ணையும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் அருகில் ஒட்டி வைத்தல் எளிய செயல். பாட்டன் பாட்டிக்கு அதனைப் பொறுமையோடு விளக்குதல் இன்னும் சிறந்த செயல். கற்ற பிள்ளை ஒருவன் வீட்டிலிருந்தும் அவ்வீட்டுத் தொலைபேசி காரணம் அறியப்படாது ஊமையாய்க் கிடக்குமாயின், அவன் கற்ற கல்வி இன்னும் வீடு வந்து சேரவில்லை என்றே கொள்ளல் வேண்டும்.