‘ஜெர்மேன்’ என்னும் சொல்

ஆங்கிலத்தில் ‘தொடர்புடைய’ என்று பொருள்படும் பெயரடைகள் பல உள. ‘ரெலவன்ட்’ நம் நாவில் நன்கு பழகிவிட்டது. ‘பெர்டினன்ட்’ வினாத்தாளில் எப்போதாவது தலைகாட்டும். ‘ஜெர்மேன்’ என்பதையோ ஜெர்மனி நாட்டைப் பற்றியதென எண்ணி மாணவர் பலர் ஒதுக்கிவிடுகின்றனர். பொருளில் அந்நாட்டுக்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை.

‘ஜெர்மானுஸ்’ என்னும் இலத்தீன் சொல்லே இதன் மூலம். ஒரே பெற்றோர்க்குப் பிறந்தவர் என்பது அதன் பொருள். ஸ்பானிய மொழியில் சகோதரனைக் குறிக்கும் ‘எர்மானோ’ அதன் வழிவந்ததே. ஆங்கிலத்திலும் முதலில் இது இரத்த உறவையே குறித்தது. பிற்பாடு, பேசும் பொருளுக்கு நெருங்கிய உறவுடைய கருத்தையும் குறிக்கலாயிற்று. ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகத்தில் இப்பொருளிலேயே வந்துள்ளது.

பழவேற்காடு ஏரிக்கரையில் வளர்ந்த எனக்கு இக்கருத்து புதிதன்று. அங்குள்ள மீனவர் சிலர் ஏரியில் வலை கட்டும் உரிமையைப் ‘பாடு’ என்னும் முறையில் பகிர்ந்துகொள்கின்றனர். யார் எங்கே வலையிடுவது என்பதைச் சீட்டு முடிவு செய்யும். அதற்கு ஊரில் தலைக்கட்டாக இருத்தல் வேண்டும். மீன் வாங்கவரும் வியாபாரிக்கும், பூநாரை காணவரும் பயணிக்கும் ஏரியோடு தொடர்பு உண்டு, பங்கு இல்லை. ‘ரெலவன்ட்’ என்பதற்கும் ‘ஜெர்மேன்’ என்பதற்கும் உள்ள தூரம் ஏறத்தாழ இதுதான். ஆங்கிலப் பேராசிரியர்கள் இதைச் சற்று மிகை என்பர். நினைவில் நிற்பதற்கு இது போதும்.

இனி வழக்குக்கு வருவோம். இன்று இச்சொல்லை மனிதர்க்குச் சொல்வதில்லை. செய்தி, வாதம், கேள்வி ஆகியவற்றுக்கே சொல்வர். பின்னால் ‘டு’ என்னும் முன்னிடைச்சொல் வரும். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில், மசோதாவுக்குக் கொண்டுவரும் திருத்தம் அதன் பொருளுக்கு ‘ஜெர்மேன்’ ஆக இருத்தல் வேண்டும் என்ற விதி 1789 முதல் உள்ளது. நண்பரோடு தேநீர் அருந்துகையில் இச்சொல்லைப் பயன்படுத்தினால் நகைப்பர். மனுவில் எழுதினால் மதிப்பர்.

மனு என்றதும் எங்கள் முகத்துவாரமே என் நினைவுக்கு வருகிறது. அது மணலால் தூர்ந்துபோவது நெடுநாளைய இன்னல். கல்லூரி செல்லும் பிள்ளை என்றால், மனு எழுதித் தரும்படி பெரியவர்கள் கேட்பார்கள். 1613இல் டச்சுக்காரர் கட்டிய கோட்டை, சிலிகாவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி என்ற பெருமை, கெட்டுப்போன சாலை என யாவும் வந்து விழும். அனைத்தும் உண்மையே. ஆயினும் மணலை அள்ளவேண்டும் என்ற கோரிக்கைக்கு அவற்றுள் எது உடன்பிறப்பு?

இறால் முட்டையிடுவது கடலில். அதன் குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து வளர்கின்றன. வாய் அடைபட்டால் குஞ்சும் வராது, கடல்நீரும் வராது; கடலுக்குச் செல்லும் படகும் வெளியேறாது. ஆகவே மனுவின் முதல் வரி இப்படி அமையலாம்: ‘தி கண்டிஷன் ஆஃப் தி லேக் மவுத் இஸ் ஜெர்மேன் டு அவர் லைவ்லிஹுட்.’ முகத்துவாரத்தின் நிலை எங்கள் பிழைப்போடு ஒட்டிப் பிறந்தது என்பது இதன் கருத்து. இறால் குஞ்சின் செய்தி அடுத்த வரியிலேயே வந்துவிட வேண்டும். கோட்டையின் வரலாற்றைத் தனித்தாளில் எழுதி இணைக்கலாம். சாலைக்கு வேறு மனு போடலாம்.