ஓசூர் எல்லைப் பகுதியில் கல்லூரிப் புள்ளியியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சி

1987இல் கல்விசார் பணியாளர் கல்லூரிகளோடு தொடங்கிய பணியிடைப் பயிற்சி, 2023 முதல் மாளவியா இயக்கத்தின்கீழ் தொடர்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள் புத்தொளிப் பயிற்சியோடு இணையவழிப் படிப்புகளையும் பதவி உயர்வுக்கு ஏற்கின்றன. கிருஷ்ணகிரி மாவட்ட ஆசிரியருக்கு இது பயணச் சுமையைக் குறைக்கிறது. பாடத்தின் குறையை நீக்குவதில்லை.

தரக் கட்டுப்பாட்டுப் பாடமே இதற்குச் சான்று. ஷூவார்ட் 1924இல் வகுத்த கட்டுப்பாட்டு வரைபடத்தின் வழக்கமான வடிவம், அளவீடுகள் ஒன்றையொன்று சாராதவை எனக் கொள்கிறது. கடைசல் எந்திரத்திலோ வெட்டுளி தேயத் தேய உருளையின் வெளிவிட்டம் சிறிது சிறிதாகப் பெருகும். எனவே மும்மடங்குத் திட்டவிலக்க எல்லையைக் கடக்கும் புள்ளி, திடீர்ப் பழுதைக் காட்டாமல் எதிர்பார்க்கத்தக்க தேய்மானத்தையே காட்டக்கூடும். பாடநூலின் தூய தரவில் இச்சிக்கல் எழுவதில்லை. இணையப் படிப்பின் வினாத்தாளிலும் பெரும்பாலும் எழுவதில்லை.

மூக்கண்டப்பள்ளியை ஒட்டியே சிப்காட் தொழிற்பேட்டை உள்ளது. தரக் கட்டுப்பாட்டுப் பிரிவுடைய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் பெங்களூரு மையமும், பெரியார் பல்கலைக்கழகம் அமைந்த சேலத்தைவிட ஓசூருக்கு மிக அருகில் உள்ளது. இடையில் இருப்பது மாநில எல்லை மட்டுமே. இவ்விரண்டையும் இணைக்கும் பயிற்சிக்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. வெட்டுளி மாற்றப்பட்ட நேரங்களைக் குறித்த ஒரு பணிமுறைத் தாள் கிடைத்தால், ஆசிரியர் சாய்வான எல்லைக்கோடுகளுடன் வரைபடத்தைத் திருத்தி வகுப்பில் வரைந்துகாட்டலாம்.