ப்ராக்ஸி: நடுவில் நிற்கும் கணினி யாருடையது?

விண்டோஸ் 11 கணினியில் செட்டிங்ஸைத் திறந்து, ‘நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்’ பகுதிக்குப் போய், ‘ப்ராக்ஸி’யைச் சொடுக்கினால் ஒரு சிறிய பக்கம் வரும். கைமுறை அமைப்புக்கான ‘செட் அப்’ பொத்தானை அழுத்தி, மேலே உள்ள சுவிட்சைப் போட்டால் கட்டாயம் நிரப்ப வேண்டியவை இரண்டே கட்டங்கள்: ஒரு முகவரி, ஒரு போர்ட் எண். அலுவலகத்திலோ கல்லூரியிலோ எழுதிக் கொடுத்ததைப் பார்த்து முதல் கட்டத்தில் 10.0.0.5 என்பதுபோல் ஒன்றையும், இரண்டாவதில் 3128 என்றும் தட்டி ‘சேவ்’ கொடுக்கிறோம். அரை நிமிட வேலைதான். ஆனால் அதற்குப் பிறகு உங்கள் பிரவுசர் வெளியிலுள்ள எந்தத் தளத்தோடும் நேரடியாகப் பேசாது. கேட்பதெல்லாம் நடுவில் நிற்கும் அந்த ஒரு கணினியின் கை வழியாகத்தான் போகும், வரும்.

வழக்கமாக, தளத்தின் பெயரைத் தட்டியதும் நம் கணினி அந்தப் பெயருக்குரிய ஐபி எண்ணை டிஎன்எஸ்ஸிடம் கேட்டு வாங்கி, அந்த எண்ணுள்ள சர்வரைத் தானே தொடர்புகொள்ளும். ப்ராக்ஸி போட்டதும் இந்த இரண்டு வேலையும் பொதுவாகக் கைமாறிவிடுகின்றன. பெயரைத் தேடுவது, தளத்தை அணுகுவது, கிடைத்ததைக் கொண்டுவந்து கொடுப்பது எல்லாமே ப்ராக்ஸியின் பொறுப்பு. தளத்தின் கண்ணுக்கு வந்து கதவைத் தட்டியது ப்ராக்ஸியின் ஐபி எண்தான்.

வெப் உருவான செர்ன் ஆய்வகத்தில்தான் இதன் ஆரம்ப வரலாறும் இருக்கிறது. நிறுவனங்கள் பாதுகாப்புக்காகத் தங்கள் உள்வலையைச் சுற்றி ஃபயர்வால் போட்டிருந்தன. உள்ளே இருக்கும் கணினிகளால் வெளியே போய் வெப்பைப் பார்க்க முடியவில்லை. செர்ன்னைச் சேர்ந்த ஆரி லுவோட்டொனெனும் இன்டெல்லைச் சேர்ந்த கெவின் ஆல்டிஸும் 1994இல் எழுதிய கட்டுரை இதற்கு வழி சொன்னது: ஃபயர்வால் கணினியில் ஒரு ப்ராக்ஸியை ஓடவிடுங்கள், உள்ளே இருப்பவர்களுக்காக அது மட்டும் வெளியே போய்வரட்டும். செர்ன்னின் வெப் சர்வர் மென்பொருளே ப்ராக்ஸியாகவும் ஓடியது. இதில் இன்னொரு நன்மையும் சேர்ந்து வந்தது. எல்லோருடைய கோரிக்கையும் ஒரே இடத்தின் வழியே போவதால், ஒருவர் கேட்ட பக்கத்தின் நகலை வைத்திருந்து அடுத்தவருக்கு அங்கிருந்தே கொடுத்துவிடலாம். ஒரு கல்லூரி முழுவதும் ஒரே மெல்லிய இணைய இணைப்பை நம்பியிருந்த காலத்தில் இது எவ்வளவு பெரிய சேமிப்பு! 1996இல் ஹார்வெஸ்ட் என்ற ஆய்வுத் திட்டத்திலிருந்து கிளைத்து வந்த ‘ஸ்க்விட்’ என்னும் இலவச மென்பொருள் இந்த வேலையில் பேரெடுத்தது. 3128 என்பது அதன் வழக்கமான போர்ட் எண். 8080ஐயும் பலர் வைத்துக்கொள்கிறார்கள்.

இப்போது அமைப்புப் பக்கத்துக்குத் திரும்புவோம். முகவரிக் கட்டத்துக்குக் கீழே விதிவிலக்குகளுக்கென்று ஒரு பெரிய பெட்டி இருக்கும். பெரும்பாலோர் அதைக் காலியாகவே விட்டுவிடுகிறார்கள். பிறகு ரௌட்டரின் பக்கத்தைத் திறக்க 192.168.1.1 என்று தட்டினால் வரமாட்டேன் என்கிறது. அந்தக் கோரிக்கையும் ப்ராக்ஸியிடம் போவதுதான் காரணம். தன் வலையில் உட்கார்ந்திருக்கும் ப்ராக்ஸிக்கு உங்கள் மேசை மேலிருக்கும் ரௌட்டர் எப்படித் தெரியும்? உள்ளூர் முகவரிகளுக்கு ப்ராக்ஸி வேண்டாம் என்று டிக் அடிக்கும் வசதி கீழே இருக்கிறதே என்று கேட்கலாம். அந்த டிக், நடுவில் புள்ளியே இல்லாத பெயர்களை மட்டும்தான் உள்ளூர் என்று எடுத்துக்கொள்ளும். 192.168.1.1இல் மூன்று புள்ளிகள் இருக்கின்றனவே. ஆகவே பெட்டிக்குள் 192.168.* என்று நாமே எழுதவேண்டும். வேறு முகவரிகளும் இருந்தால் இடையில் அரைப்புள்ளி போட்டுக்கொள்ளலாம். நெட்வொர்க் பிரின்டர், சிசிடிவி பெட்டி ஆகியவற்றின் பக்கங்களுக்கும் இது பொருந்தும்.

அடுத்து, பலரை மணிக்கணக்கில் அலைக்கழிக்கும் விஷயம். விண்டோஸில் ப்ராக்ஸியைப் போட்டுவிட்டால் கணினி முழுவதும் கட்டுப்படும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. அந்தப் பக்கத்தில் நாம் எழுதுவது ஒரு குறிப்பு மட்டுமே. எடுத்துப் படிப்பதா வேண்டாமா என்பது ஒவ்வொரு மென்பொருளின் விருப்பம். குரோமும் எட்ஜும் படிக்கும். ஃபயர்ஃபாக்ஸ் தனக்கென்று தனிப் பக்கம் வைத்திருக்கிறது. கணினியின் அமைப்பைப் பின்பற்றச் சொல்லலாம், தனியாக ஒன்றைக் கொடுக்கவும் செய்யலாம். விண்டோஸின் பின்னணிச் சேவைகள் பலவும் ‘வின்எச்டிடிபி’ என்ற வேறொரு அமைப்பைப் பார்க்கின்றன. கட்டளைத் திரையில் ஓடும் கர்ல் போன்றவை ‘எச்டிடிபி_ப்ராக்ஸி’ என்ற சூழல் மாறியைத் தேடும். எச்டிடிபிஎஸ் தளங்களுக்கு அதே பாணியில் இன்னொன்று உண்டு. பிரவுசரில் எல்லாம் நன்றாக வருகிறது, கர்ல் மட்டும் முரண்டுபிடிக்கிறது என்றால் முதலில் பார்க்கவேண்டிய இடம் இதுதான். இதில் ஒரு நுணுக்கமும் உண்டு. விண்டோஸ் மாறிப் பெயர்களில் பெரிய, சிறிய எழுத்து பார்ப்பதில்லை; ஆனால் லினக்ஸ் போன்றவற்றில், முதலில் சொன்ன மாறியின் பெயரைப் பெரிய ஆங்கில எழுத்துகளில் எழுதினால் கர்ல் கண்டுகொள்ளாது. வெளி நிரல்களை ஓட்டிப் பக்கம் தயாரிக்கும் சிஜிஐ முறையில் ஓடும் வெப் சர்வரில், வெளியாள் ஒருவர் தன் கோரிக்கையோடு ‘ப்ராக்ஸி’ என்று ஒரு தலைப்பு வரியைச் சேர்த்து அனுப்பினால் அதே பெரிய எழுத்துப் பெயரில் ஒரு மாறி உருவாகிவிடும். அந்த ஓட்டை வழியே போக்குவரத்தைத் திருப்பிவிடாமல் தடுக்கத்தான் சிறிய எழுத்து மட்டும் போதும் என்று வைத்திருக்கிறார்கள்.

நடுவில் நிற்பவருக்கு நம் சமாச்சாரங்கள் எவ்வளவு தெரியும்? வெறும் எச்டிடிபி தளம் என்றால் எல்லாமே தெரியும். பக்கத்தை மாற்றிக்கூடக் கொடுக்கலாம். எச்டிடிபிஎஸ் தளத்தில் நிலைமை வேறு. பிரவுசர் ப்ராக்ஸியிடம் ‘கனெக்ட்’ என்ற கட்டளையோடு தளத்தின் பெயரையும் 443 என்ற போர்ட் எண்ணையும் கொடுக்கும். ப்ராக்ஸி அந்தப் பக்கம் வரை ஒரு குழாயைப் போட்டுக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடும். குழாய்க்குள் ஓடுவது மறையாக்கம் செய்யப்பட்ட தகவல். எந்தத் தளம், எப்போது, எவ்வளவு என்பது பதிவாகும். வங்கியில் நீங்கள் தட்டிய பாஸ்வேர்டு தெரியாது. பக்கங்களின் நகலை வைத்திருந்து கொடுக்கும் பழைய பயன் குறைந்துபோனதற்கும் இந்தக் குழாய்தான் காரணம்.

குழாய்க்குள் ஓடுவது ப்ராக்ஸிக்குத் தெரியாது என்பதற்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது, அலுவலகக் கணினி வைத்திருக்கும் எல்லோரும் இதை அறிந்திருக்கவேண்டும் என்று நினைக்கிறேன். நிறுவனம் தன்னுடைய ரூட் சான்றிதழைக் கணினியில் நிறுவியிருந்தால், ப்ராக்ஸி ஒவ்வொரு தளத்துக்கும் தானே ஒரு சான்றிதழ் தயாரித்துக் காட்டி, குழாயைத் திறந்து படித்து, மறுபடி மூடி அனுப்ப முடியும். பிரவுசர் எந்த எச்சரிக்கையும் தராது. முகவரிப் பட்டையின் இடப்பக்கக் குறியைச் சொடுக்கிச் சான்றிதழை வழங்கியது யார் என்று பாருங்கள். அங்கே உங்கள் நிறுவனத்தின் பெயரோ அதன் பாதுகாப்புச் சாதனத்தின் பெயரோ இருந்தால், திறந்து பார்க்கிறார்கள் என்று அர்த்தம். நிறுவனத்துக்கு அதற்கான நியாயங்கள் இருக்கலாம். உங்கள் வங்கிக் கணக்கையும் மருத்துவ அறிக்கையையும் அந்தக் கணினியில் திறக்காமல் இருப்பது நல்லது.

இதையெல்லாம் யோசித்தால் இணையத்தில் பட்டியல் போட்டுக் கிடைக்கும் இலவச ப்ராக்ஸிகளை ஏன் தொடக்கூடாது என்பது விளங்கும். வெறும் ஐபி எண்ணும் போர்ட்டும் இருக்கும்; யார் நடத்துகிறார்கள், என்ன பதிவு செய்கிறார்கள் என்று ஒன்றும் தெரியாது. விபிஎன் போல் நினைத்து மாட்டிக்கொள்கிறவர்களும் உண்டு. சாதாரண ப்ராக்ஸி, உங்கள் கணினிக்கும் தனக்கும் இடையிலான பாதையைத் தானாக மறையாக்கம் செய்வதில்லை. எந்தக் காரணத்துக்காகவும் முன்பின் தெரியாத ப்ராக்ஸியை வைத்துக்கொண்டு எந்தத் தளத்திலும் லாகின் செய்யாதீர்கள்.

கட்டங்களைக் கையால் நிரப்பாமல் ஸ்கிரிப்ட் முகவரி ஒன்றைக் கொடுக்கும் வழியும் அதே பக்கத்தில் இருக்கிறது. நெட்ஸ்கேப் 1996இல் கொண்டுவந்த பழக்கம் இது. எந்தத் தளத்துக்கு ப்ராக்ஸி, எதற்கு நேர்வழி என்று முடிவு சொல்லும் சிறிய ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு அது. ‘தானாகக் கண்டுபிடி’ என்ற சுவிட்ச் இன்னும் ஒரு படி மேலே போய், அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று வலையிடமே கேட்கும். அலுவலகத்தில் வசதிதான். ரயில் நிலைய வைஃபையில் பதில் சொல்வது யாராகவும் இருக்கலாம் என்பதால், தேவைப்படாதவர்கள் அதை அணைத்து வைக்கலாம்.

பிரவுசரில் எந்தப் பக்கமும் வரவில்லை, ஆனால் பிங் கொடுத்தால் பதில் வருகிறது என்றால், சர்வீஸ்காரரைக் கூப்பிடும் முன் இந்த ப்ராக்ஸி பக்கத்தைத் திறந்து பாருங்கள். அலுவலக முகவரி அப்படியே கிடக்கலாம். அல்லது நீங்கள் போடாத 127.0.0.1 என்ற முகவரி இருக்கலாம். அது உங்கள் கணினியையே குறிக்கும் எண். ஏதோ ஒரு மென்பொருள் உள்ளேயே ப்ராக்ஸி நடத்தியிருக்கிறது. ஆன்டிவைரஸ் அதை நீக்கியிருக்கும், அமைப்பு மட்டும் மிஞ்சியிருக்கும். சுவிட்சை அணைத்தால் பக்கங்கள் வந்துவிடும். சிறிது நேரத்தில் அதே எண் தானாகத் திரும்ப வந்து உட்கார்ந்தால், எழுதிவைக்கும் நிரல் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. முழு ஸ்கேன் ஒன்று போட்டாக வேண்டும்.