பனிக்காலத்தில் ஒரு விதைப்பு

பனி மூடிய ரொறன்ரோவில், சனவரி மாதத்தில் விதைப்பதா என்று பலரும் வியப்பர். ஆயினும் சில விதைகளுக்கு இதுவே உரிய பருவம். வீட்டுக்கும் மருத்துவமனைக்குமாக நாட்களைக் கழிக்கும் குடும்பங்களுக்கு ஏற்ற, அதிக உழைப்பு வேண்டாத ஒரு முறையை இங்கு அறிமுகப்படுத்துகின்றோம்.

எக்கினேசியா, மில்க்வீட் முதலியன வட அமெரிக்காவுக்குரிய பல்லாண்டுத் தாவரங்கள். இலையுதிர்காலத்திலேயே முளைத்தால் அவற்றின் நாற்றுகள் உறைபனியில் மடிந்துவிடும். ஆதலால், ஈரமும் குளிரும் சில வாரங்கள் நீடித்த பின்னரே அவ்விதைகள் நன்கு முளைக்கின்றன. மில்க்வீட், நாம் ஊரில் கண்ட எருக்கின் உறவுச் செடி. மொனாக் வண்ணத்துப்பூச்சியின் புழுக்களுக்கு அதன் இலையே உணவு.

ஒளி ஊடுருவும் 4 லீற்றர் தண்ணீர்க் கலன் ஒன்றின் அடியில் சில துளைகள் இடுங்கள். கலனை நடுவில் சுற்றிவர வெட்டி, ஒரு பக்கத்தில் சிறிதளவு வெட்டாது விடுங்கள். 10 சென்ரிமீற்றர் உயரத்துக்கு ஈரமான மண்கலவையை நிரப்பி, விதைகளைத் தூவி, மேலே மெல்லிய மண்படை இடுங்கள். வெட்டிய இடத்தை ஒட்டுநாடாவால் இணைத்து, மூடியைக் கழற்றிவிட்டு, மழையும் பனியும் படும் வெளியிடத்தில் வையுங்கள். வாய்வழியே விழும் பனி உருகி மண்ணை நனைக்கும். வசந்தத்தில் முளைகள் தோன்றியதும், வெப்பமான பகல்களில் கலனைத் திறந்துவைத்து, மண் காயாது பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. மண்ணில் பூஞ்சணங்களும் கிருமிகளும் உண்டு. புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோரும், உறுப்புமாற்றம் செய்துகொண்டோரும், நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றிய பிறரும் மண்ணைக் கையாளுதல் ஆகாது. ஐயமிருப்பின் முதலில் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். மில்க்வீட்டின் பால் கண்ணுக்குத் தீங்கானது. செடியை உண்டால் நஞ்சு. சிறுவர்கள் உள்ள வீட்டில் எக்கினேசியாவைத் தேர்வதே நன்று.

மண்வேலையைப் பராமரிப்பவர் ஏற்கட்டும். எதை விதைப்பது, கலனை எங்கே வைப்பது என்பவற்றை நோயாளரே தீர்மானிக்கட்டும். பெயர்ச்சீட்டையும் நாளையும் அவரே பென்சிலால் எழுதட்டும். மருந்து வேளையும் உணவும் பிறரால் முடிவாகும் நாட்களில், தாமே முடிவுசெய்ய ஒன்றேனும் இருத்தல் வேண்டும் என நோயாளர் விரும்புவதை நாம் அறிவோம்.

மார்ச் மாதத்தில் மண் வெறுமையாகத் தெரிந்தால் கலனைக் கொட்டிவிடாதீர்கள். மே மாதம் முடியும்வரையேனும் பொறுத்திருங்கள்.